பல்லாங்குழிப் பலகை

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி வட்டத்தில் உள்ள ஊர்களுள் பரளச்சியும் ஒன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இந்நிலப்பகுதி 1985ஆம் ஆண்டு வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. மழையை நம்பி வாழும் நிலம் இது. குண்டாறு திருச்சுழியைத் தொட்டுச் சென்றாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அதில் நீரினும் மணலே மிகுதி. கண்மாய் நிறைந்தால் நெல் விளையும்; நிறையாவிட்டால் கரிசல் தரும் கம்பும் சோளமும் மிளகாயும் மல்லியும் பருத்தியுமே உழவர்க்குத் துணை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்வதே பெருமழை. அறுவடை முடிந்தபின் வேனில் நீண்டு கிடக்கும். வெயில் ஏறிய நண்பகலில் வெளிவேலை இயலாது. அவ்வோய்வு வேளைகளில் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் ஆடப்பெற்று வந்த ஆட்டங்களுள் தலைசிறந்தது பல்லாங்குழி.

இதனை ஆடுதற்குப் பலகை வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தரையில் இரு வரிசையாகப் பதினான்கு குழிகள் தோண்டினாலும் ஆடலாம். பழங்கோயில்களின் கல்தளங்களில் இத்தகைய குழிகள் வெட்டப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். செம்மண் தரையில் தோண்டிய குழி சில நாள் நிற்கும். கரிசலின் இயல்பு வேறு. மழை பெய்தால் அது பருத்து உப்பும். ஈரம் வற்றினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அவ்வெடிப்பினுள் ஒரு புளியங்கொட்டை விழுந்தால், அடுத்த மழைக்கு அது முளைத்து வெளிவந்தால்தான் உண்டு. இத்தகைய நிலத்தில் ஆட்டம் தடையின்றி நடைபெற மரப்பலகையே ஏற்றது.

பல்லாங்குழி என்னும் சொல்லுக்குப் பல குழிகளை உடையது எனப் பொருள் கொள்வார் உளர். மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூலில் இவ்வாட்டத்தைப் பன்னாங்குழி எனக் குறிக்கிறார். பதினான்கு என்னும் எண் பன்னான்கு எனத் திரியும். பன்னான்கு குழி பன்னாங்குழியாகிப் பின்னர்ப் பல்லாங்குழி எனத் திரிந்தது என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்விரு விளக்கங்களுள் பின்னதே சிறந்தது. ஏனெனில், எண்ணை மறந்தால் இவ்வாட்டமே இல்லை. பாண்டி என்பதும் இதற்கு வழங்கும் மற்றொரு பெயர். ஒருவரே தனித்திருந்து ஆடும் வகை ஒன்றுக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் தனித்திருந்த சீதையின் நினைவால் எழுந்தது அது. பரளச்சி என்னும் ஊர்ப்பெயரின் காரணம் எதுவாயினும், அதனைக் கேட்டவுடன் பரல் என்னும் பழஞ்சொல் நினைவிற்கு வாராமற் போகாது. சிறு கல்லுக்கும் விதைக்கும் பரல் என்று பெயர். பல்லாங்குழிக் காய்களும் அவையே அல்லவா?

காய் வைத்து ஆடும் ஆட்டங்கள் இம்மாவட்டத்திற்குப் புதியன அல்ல. சாத்தூரை அடுத்த வெம்பக்கோட்டையில் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்குச் சுடுமண்ணாலான ஆட்டக்காய்கள் மண்ணுக்கடியினின்று வெளிவந்தன. அக்காய்கள் எந்த ஆட்டத்திற்கு உரியவை என்பதைக் காய்களே சொல்லா. ஆயினும், கை ஓய்ந்த வேளையில் காய் நகர்த்தி மகிழ்ந்த மக்கள் இந்நிலத்தில் பண்டே வாழ்ந்தனர் என்பது தெளிவு. குழியில் விதை இட்டு ஆடும் ஆட்டமோ உலகம் பரவியது. கருநாடக மக்கள் அளிகுளி மணெ என்றும், ஆந்திர மக்கள் வாமன குண்டலு என்றும் இதனை வழங்குவர். இலங்கையில் சிங்களவர் குன்றிமணி கொண்டு ஆடுவதால், குன்றிமணியின் பெயராகிய ஒலிந்த என்பதையே ஆட்டத்திற்கும் பெயராக்கினர். மலேசியாவில் சோங்காக் என்பர். அங்குப் பலகையின் இரு முனைகளிலும் வென்ற காய்களைச் சேர்க்கப் பெருங்குழி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆடப்பெறும் ஓவாரேக்குப் பன்னிரண்டு குழிகள். கிழக்கு ஆப்பிரிக்கப் பாவோவுக்கு 32 குழிகள்.

பலகையின் அமைப்பை அறிய வேண்டுமாயின் முதலில் ஆட்டத்தை அறிதல் வேண்டும். ஆடுவோர் இருவர். பலகையை நடுவில் வைத்து எதிரெதிரே அமர்வர். அவரவர்க்கு அண்மையில் உள்ள ஏழு குழிகள் அவரவர்க்கு உரியவை. குழிக்கு ஐந்தாக 70 காய்கள் இடப்பெறும். ஆறு இட்டு 84 காய்களாலும், பன்னிரண்டு இட்டு 168 காய்களாலும் ஆடும் வழக்கங்களும் உண்டு. முதலில் ஆடுபவர் தம் குழிகளுள் ஒன்றில் உள்ள காய்கள் அனைத்தையும் அள்ளி, அடுத்த குழி தொடங்கி, வலப்புறமாகக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்வார். கையிலுள்ளவை தீர்ந்ததும் அதற்கடுத்த குழியில் உள்ளவற்றை அள்ளி மேலும் ஆடுவார். அடுத்தது வெறுங்குழியாயின், அதனை விரலால் துடைத்துவிட்டு, அதற்கப்பால் உள்ள குழியின் காய்களைத் தமக்கெனக் கொள்வார். அத்துடன் அவர் முறை முடியும். வெறுங்குழிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் அவர்க்கு ஒன்றும் கிட்டாது. ஆட்டத்தின் இடையே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் பசு என்று பெயர். ஆடுபவர் யாராயினும், பசு குழிக்கு உரியவரையே சேரும். ஊருக்கு ஊர் இவ்விதிகள் சிறிது வேறுபடும்.

ஒரு சுற்று முடிந்தபின், இருவரும் தாம் ஈட்டிய காய்களால் தத்தம் குழிகளை ஐந்தைந்தாக நிரப்புவர். எழுபதில் நாற்பது பெற்றவர் ஏழு குழிகளையும் நிரப்பி ஐந்து காய்களை மிச்சமாக வைத்துக்கொள்வார். முப்பது பெற்றவரால் ஆறு குழிகளையே நிரப்ப இயலும். நிரம்பாத குழியில் ஒரு குச்சியை இட்டு அதனை ஆட்டத்தினின்று விலக்குவர். பின்னர் வென்று ஐந்து காய்களை மீட்டால் குச்சி எடுக்கப்படும். குழி மீண்டும் உரியவர் கைக்கு வரும். மிகத் தோற்று, ஒரு குழிக்கும் ஐந்து காய் தேறாதவர், இருப்பவற்றைக் குழிக்கு ஒன்றாக இட்டு ஆடுவதும் உண்டு. இதற்குக் கஞ்சி காய்ச்சுதல் என்று பெயர். பஞ்சக் காலங்களில் கஞ்சித் தொட்டியைக் கண்டறிந்த மக்கள், விளையாட்டிலும் அச்சொல்லை மறவாது வைத்தனர் போலும். கஞ்சி காய்ச்சத் தொடங்கியவர், குழி குழியாக மீட்டு, எதிராளியின் பலகையில் குச்சி இடச் செய்வதும் உண்டு. ஆட்டத்தின் சுவையெல்லாம் அந்த மீட்சியில்தான் இருக்கிறது.

இவ்வாட்டத்தில் வெற்றி கணக்கால் வருவது. எந்தக் குழியை எடுத்தால் கடைசிக் காய் எங்கு விழும், அதற்கடுத்த குழி நிறைந்ததா, வெறுங்குழியா, எந்தக் குழியில் மூன்று காய்கள் நின்று பசுவுக்குக் காத்திருக்கின்றன என்பனவற்றையெல்லாம் ஆடுபவர் நொடியில் அறிதல் வேண்டும். பதினான்கு காய்கள் உள்ள குழியை எடுத்தால் கடைசிக் காய் புறப்பட்ட குழிக்கே திரும்பி வரும் என்பதை நல்ல ஆட்டக்காரர் கூட்டிப் பார்ப்பதில்லை; அவர் கண்ணே அறியும். குழியில் உள்ள காய்களைக் கிளறி எண்ணுதல் தேர்ந்தார்க்கு அழகன்று. பார்த்த அளவில் ஐந்தா ஆறா என்று அறிவதே தேர்ச்சி.

தச்சரின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு குழி ஆழமாகவும் மற்றொன்று ஆழம் குறைந்தும் இருப்பின், ஏழு காய்கள் ஒன்றில் ஐந்துபோல் ஒடுங்கும். மற்றொன்றில் ஒன்பதுபோல் நிமிரும். அப்பலகையோடு பழகியவர் எந்தக் குழி பொய் சொல்லும் என்பதை அறிவார். புதிதாக வந்து எதிரே அமர்ந்தவர் அறியார். ஆகவே, குழிகள் ஒத்திராத பலகை ஆடுவோருள் ஒருவர்க்கு மறைவாகத் துணைநிற்கும் பலகையாகும். மேலே எத்துணைப் பூவேலை இருப்பினும் அது நல்ல பலகை அன்று.

குழியின் வடிவும் எண்ணத்தக்கது. உரற்குழிபோல் செங்குத்தான சுவர் இருந்தால், அடியோரத்தில் ஒதுங்கிய காயை நகத்தால் தோண்டியெடுக்க நேரும். ஆட்டத்தின் ஓட்டம் அங்கே தடைப்படும். கிண்ணம் போன்று வளைந்து இறங்கும் குழியில் நான்கு விரல்களை இட்டு ஒரே வீச்சில் அனைத்தையும் அள்ளலாம். மிகத் தாழ்ந்த குழியிலோ, ஆட்டம் முற்றி இருபது காய் சேரும்போது அவை பக்கத்துக் குழிக்கு உருளும். உருண்ட காய் யாருடையது என்பதில் பூசல் விளையும். வாய் அகலம் 5.5 செ.மீ., நடு ஆழம் 2 செ.மீ. என்று கொண்டால் இருபது புளியங்கொட்டைகளுக்குக் குறையாமல் கொள்ளும். சிறுவர் கைக்கும் பெரியவர் கைக்கும் பொருந்தும். குழிக்கும் குழிக்கும் இடையே 1 செ.மீ., இரு வரிசைகளுக்கும் இடையே 1.5 செ.மீ. மரம் விடப்படும். இக்கணக்கின்படி 50 செ.மீ. நீளமும் 17 செ.மீ. அகலமும் 3.5 செ.மீ. தடிப்பும் உள்ள ஒரே பலகை போதும்.

இனி, அப்பலகைக்கு ஏற்ற மரம் யாது? இந்நிலத்தில் கண்ணுக்குத் தோன்றும் உயர்ந்த மரம் பனை. ஆனால், பனையில் குழி குடைதல் இயலாது. அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் தொல்காப்பியம் பகுத்தது. அப்பகுப்பின்படி பனை புல்லினத்தைச் சேர்ந்தது. அதன் வலிமையெல்லாம் புறத்தே. உள்ளே சோறுபோன்ற நாரே நிறைந்திருக்கும். கூரைக்குக் கைம்மரமாக வெயிலையும் மழையையும் தாங்கும் அப்பனை, உளி படும்போது நார் நாராகப் பிரியும். இலக்கண நூலார் வகுத்த வகை தச்சுப்பட்டறையிலும் மெய்யாதல் வியத்தற்குரியது.

வேம்பு வீட்டுக்கு வீடு நிற்பது. அதன் கசப்புக்கு அஞ்சிப் பூச்சிகள் அணுகா. எனினும், அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலின், ஒருபுறம் வழவழப்பாகச் செதுக்கும் உளி மறுபுறம் பிய்த்தெடுக்கும். வாகை நல்ல வன்மரம். ஆனால், அதனை அறுக்கும்போது எழும் தூள் மூக்கில் ஏறித் தச்சரைத் தும்மலால் வருத்தும். மஞ்சணத்தி எனப்படும் நுணா கரிசற் காட்டுக்கு உரியது. மஞ்சள் நிறமும் குறைந்த எடையும் உடையது, உளிக்கு இணங்கும், மரப்பாவைகள் செய்ய உதவும். சிறுவர்க்கான பலகைக்கு அது போதும். தலைமுறைக்கு நிற்கும் பலகை வேண்டுவோர் கிணற்றடியிலும் கண்மாய்க்கரையிலும் வளரும் பூவரசை நாடுதல் நன்று. முற்றிய பூவரசின் வைரம் செம்பழுப்பு நிறமானது, நெருங்கிய அமைப்புடையது, தேய்க்கத் தேய்க்க ஒளிவிடுவது. வண்டிச் சக்கரத்திற்கும் படகிற்கும் அதனைத் தேர்ந்த முன்னோர் அறியாமல் தேர்ந்தாரல்லர்.

சீமைக்கருவேலத்தையும் இங்குக் குறிப்பிடாமல் இருத்தல் இயலாது. அமெரிக்கக் கண்டத்தைச் சார்ந்த இம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இப்பகுதியின் தரிசுகளையும் கண்மாய் உள்வாய்களையும் கவர்ந்து நிற்கிறது. உள்நாட்டு மரங்கள் பலவற்றிற்கு இடமில்லாமற் செய்தது என்னும் பழி அதற்கு உண்டு, அப்பழி தகுந்ததே. ஆயினும், அதன் வைரம் இகழத்தக்கதன்று. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மிகக் குறைவாகவே விரிந்து சுருங்கும் மரங்களுள் அதுவும் ஒன்று. குழிப்பலகைக்கு வேண்டிய பண்பு அதுவே. தடை ஒன்றுதான்: அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து, கோணி வளர்வதால், 17 செ.மீ. அகலப் பலகைக்கு உரிய தூர் அரிதிற் கிடைக்கும். கிடைத்தாலும், விறகோடு விறகாகக் கரிமூட்டத்திற்குச் சென்றுவிடுகிறது. மூட்டத்திற்கு அடுக்கும் முன் பருத்த தூர்களைத் தனியே ஒதுக்கி வைத்தால், இவ்வூர்த் தச்சர்களுக்கு விலையின்றிக் கிடைக்கும் மரம் அதைப்போல் வேறில்லை.

மரம் எதுவாயினும் பச்சையாகப் பயன்படாது. உலர்த்தும் வேலை ஓராண்டேனும் கொள்ளும். வெட்டிய கட்டையைச் சில திங்கள் கண்மாய் நீரிலோ ஊருணியிலோ மூழ்கவிட்டுச் சாறு போக்கும் முறை தொன்றுதொட்டு உள்ளது. பின்னர் 4 செ.மீ. தடிப்பில் பலகையாக அறுப்பர். அறுக்குங்கால் மரத்தின் நடுக்குருத்து பலகையில் விழாதவாறு பார்த்துக்கொள்வர். குருத்து உள்ள பலகை பின்னர் அவ்வழியே பிளக்கும். அறுத்த பலகைகளை இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்குவர். வறண்ட நிலத்தில் மரம் விரைந்து உலரும் என்று மகிழ்தற்கில்லை. வெப்பக்காற்று பலகையின் முனைகளை முதலில் உலர்த்திவிடும். நடுப்பகுதி இன்னும் ஈரமாகவே இருக்கும். உலர்ந்த முனை சுருங்க முயல, ஈர நடு இடங்கொடாது நிற்க, முனை வெடிக்கும். கரிசல் வெடிப்பதும் இதே காரணத்தால்தான். அதனைத் தடுக்க வெட்டுமுகங்களில் மெழுகையோ சாணத்தையோ பூசுவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பலகையை நிறுத்துப் பார்த்து, எடை குறைதல் நின்றபின்னரே உளியைத் தொடுதல் வேண்டும்.

உலர்ந்த பலகையை இழைப்புளியால் இழைத்து மட்டம் செய்தபின் குழிகளுக்குக் குறி இடப்படும். பழகாதவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை அளந்து செல்வர். ஒவ்வோர் அளவிலும் நூலளவு பிழை நேர்ந்தாலும், ஏழாவது குழியில் அது விரலளவாகிப் பலகையின் விளிம்பைக் கடிக்கும். பழகிய தச்சர் நடுவிலிருந்து தொடங்குவர். பலகையின் நீளத்தில் சரிபாதியாகிய 25 செ.மீ. புள்ளியே நான்காம் குழியின் நடு. அங்கிருந்து இருபுறமும் 6.5 செ.மீ. இடைவெளியில் மும்மூன்று புள்ளிகள் இடப்படும். அகலத்தின் நடுவே ஒரு நேர்கோடு இழுத்து, அதற்கு இப்பாலும் அப்பாலும் 3.5 செ.மீ. தொலைவில் இரு வரிசைகளும் அமையும். பின்னர்க் கவராயத்தை 2.75 செ.மீ. விரித்துப் பதினான்கு வட்டங்கள் வரைந்தால், நாற்புறமும் போதிய விளிம்பு எஞ்சும். மரத்தில் கணு இருப்பின் அது குழியின் வாயில் விழாதவாறு பலகையை முன்பே நகர்த்தி வெட்டியிருத்தல் வேண்டும். கணு விளிம்பில் இருந்தால் அழகு. குழியில் இருந்தால் இடர்.

குடையும் வேலையில் முதலில் துறப்பணத்தால் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு துளை இடுவர். துறப்பண அலகில் 1.8 செ.மீ. உயரத்தில் நூல் சுற்றிக்கொண்டால், நூல் மரத்தைத் தொடும்போது துளை நிறுத்தப்படும். இத்துளையே ஆழத்திற்கு அடையாளம். அதன்பின் வாய் வளைந்த உளியைக் கொட்டாப்புளியால் தட்டி, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகச் செதுக்குவர். நடுவைக் கடந்து மறுசுவரில் ஏறச் செதுக்குதல் ஆகாது. ஏறும் உளி நாரின் அடியிற் புகுந்து பெருஞ்செதிலைப் பெயர்த்துவிடும். ஒருபுறத்திலிருந்து நடு வரை, மறுபுறத்திலிருந்து நடு வரை என்று இறங்கி இறங்கியே செல்லுதல் வேண்டும். இறுதியில் எஞ்சிய இரண்டு மில்லிமீட்டரை உளித்தடம் தெரியாமல் மெல்லச் சீவி எடுப்பர். குழியின் அடியில் 1.5 செ.மீ. மரம் நிற்கும்.

பதினான்கும் ஒத்துள்ளனவா என்பதைக் கண்ணால் தீர்மானித்தல் போதாது. தகரத் துண்டொன்றை 2.9 செ.மீ. ஆரமுள்ள வளைவாக வெட்டிக்கொண்டு, அதனைக் குழிக்குள் நிறுத்திச் சுழற்றினால் மேடு எங்கே பள்ளம் எங்கே என்பது புலப்படும். அதனினும் எளிய சோதனை இந்நிலத்தின் கம்பைக் கொண்டு செய்வது. முதற்குழியைக் கம்பால் நிரப்பி, ஒரு கோலால் வாயை வழித்துவிட வேண்டும். அக்கம்பை ஒரு மணியும் சிந்தாமல் எடுத்து அடுத்த குழியில் கொட்ட வேண்டும். வாய்க்கு மேல் குவிந்தால் குழி சிறிது. வாய்க்குக் கீழே தாழ்ந்தால் பெரிது. சிறிய குழியை மேலும் குடைந்து சரிசெய்யலாம். பெரிதாகிவிட்ட குழியைச் சிறிதாக்கும் உளி இவ்வுலகில் இல்லை. மற்றப் பதின்மூன்றையும் அதற்கு ஒப்பக் குடைவது ஒன்றே வழி. ஆகவே, முதிர்ந்த தச்சர் எல்லாக் குழிகளையும் சற்றுக் குறைவாகவே குடைந்து வைத்து, அளந்தபின் முடிவு செய்வர்.

உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கியபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, உலரவிட்டு, மீண்டும் தடவுவர். பளபளக்கும் வண்ணப்பூச்சுக் கடைப்பொருளுக்கு அழகு தரலாம். ஆனால், ஓயாமல் விரலும் விதையும் உரசும் குழியில் அது நாளடைவில் உரிந்து திட்டுத்திட்டாகத் தோன்றும். எண்ணெய் ஊறிய மரமோ கைபடக் கைபட மெருகேறும். செல்வர் இல்லங்களில் பித்தளைப் பலகைகளும், மீன் வடிவில் செய்த மரப்பலகைகளும் இருந்தன. நடுவே கீல் பொருத்தி, வரிசைக்கு ஒரு பாதியாக மடிக்கும் பலகையும் உண்டு. மூடினால் காய்கள் உள்ளேயே தங்கும் என்பதால் பயணத்திற்கு அது வசதியானது. மணமகளுக்குத் தரும் சீர்ப்பொருள்களுள் பல்லாங்குழியும் ஒன்றாக இருந்த வழக்கம் அதன் மதிப்பைக் காட்டும். புக்ககத்தில் முகமறியாத மாமியாரும் நாத்தனாரும் எதிரே அமர்ந்து ஆடும்போது, பேச்சு தானே தொடங்கிவிடுமன்றோ?

காய்களுக்கு இந்நிலத்தில் குறைவில்லை. புளியங்கொட்டை எங்கும் கிடைக்கும். ஆயினும் ஒன்று பருத்தும் ஒன்று சிறுத்தும் இருக்கும். எழுபதுக்கு இருநூறாகச் சேர்த்து, அவற்றுள் ஒத்தவற்றைத் தேர்ந்தெடுத்தல் நன்று. கழற்சிக்காய் உருண்டையானது; குழியில் விழும்போது இனிய ஓசை தரும். சிவந்த மஞ்சாடி விதைகள் எடையில் ஏறத்தாழ ஒத்தவை. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொற்கொல்லர் அவற்றையே நிறைகல்லாகக் கொண்டனர். கடற்கரையினின்று வரும் சோழியும் சிறந்தது. குன்றிமணியைப் பார்க்க அழகாயினும், அதன் உள்ளே கொடிய நஞ்சு உண்டு. தோல் உடைந்த விதை வாயிற் பட்டால் உயிருக்கே கேடு சூழும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அதனை ஆட்டத்திற்குக் கொள்ளாதிருத்தலே அறிவுடைமை.

பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் எதிரெதிரே அமர்ந்து, எவர்க்கும் சலுகை இல்லாமல் ஆடத்தக்க ஆட்டங்கள் சிலவே. அவற்றுள் பல்லாங்குழியும் ஒன்று. பார்வையற்றவர்க்கு விரல் நுனியே கண். குழியின் வளைவைத் தடவி, குவிந்த காய்களின் உயரத்தை உணர்ந்து, எண்ணிக்கையை அவர் அறிகிறார். கடைகளில் விற்கும் நெகிழிப் பலகைகள் எடை குறைந்தவையாதலின், அள்ளும் கையோடு அவை நகர்ந்துவிடும்; குழியும் ஆழமற்றது. பூவரசுப் பலகை தன் எடையாலேயே இருந்த இடத்தில் இருக்கும். விரலால் ஆடுபவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பலகை ஒருமுறை நகர்ந்தாலும் அவர் மனத்தில் வைத்திருந்த பதினான்கு குழிகளின் இடமும் மாறிப்போகும்.

புதிய பலகையை முதல் மழைக்காலம் கழியும் வரை முடிந்த பொருளாகக் கருதக்கூடாது. கோடையில் செய்த பலகை ஐப்பசி ஈரத்தில் சிறிது விரியும். அப்போது அதனைச் சமதரையில் வைத்து நான்கு மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு மூலை ஆடினால் பலகை முறுக்கியுள்ளது என்று பொருள். உடனே இழைத்தல் கூடாது. கார்த்திகை கடந்து, ஈரம் மாறி, தை பிறந்தபின் மீண்டும் சோதித்து, அப்போதும் ஆடினால் மட்டும் அடிப்புறத்தை இழைத்துச் சமன் செய்வர். காய்களைத் துணிப்பையில் இட்டு, உதிரியாக ஐந்தாறு காய்களையும் சேர்த்து வைப்பது வழக்கம். வெடிப்பு விழுந்த முற்றத்தில் ஆடினால் அவை வேண்டியிருக்கும்.